ஐந்து ரன், பிட்சர் கணக்கில் பூஜ்யம்

2024 அக்டோபர் 30, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். பேஸ்பால் உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம். யாங்கீஸ் அணியின் பிட்சர் கெரிட் கோல் முதல் நான்கு இன்னிங்ஸில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. யாங்கீஸ் 5-0 என்று முன்னால் இருந்தது. ஐந்தாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் ஐந்து ரன் எடுத்துச் சமன் செய்தது. கடைசியில் 7-6 என்று வென்று கோப்பையையும் கொண்டுபோனது. அந்த ஐந்து ரன்னும் கோல் பந்து வீசிக்கொண்டிருந்தபோது வந்தவைதான். ஆனால் ஸ்கோர் அட்டையில் அவர் பெயருக்கு நேராக இருந்தது இது: ரன் 5, எர்ன்டு ரன் 0.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது உடனே பிடிபடாது. பந்து வீசியவர் ஒருவர், ரன் போனது அவர் பந்தில், அவர் கணக்கில் மட்டும் எப்படிப் பூஜ்யம்? டீயை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு இன்னிங்ஸைப் பிரித்துப் பார்த்தாலே விதிப் புத்தகத்தின் பாதி விளங்கிவிடும்.

முதலில் அடிப்படை. பேஸ்பாலில் ஓர் அணி மூன்று பேர் அவுட் ஆகும்வரை மட்டையடிக்கும். அப்படி ஒன்பது முறை. பந்தை அடித்தவர் முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்களைத் தொட்டுக் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தால் ஒரு ரன். நல்ல அடியால் பேஸை அடைந்தால் அது ஹிட். அவுட் ஆகியிருக்க வேண்டியவர் ஃபீல்டர் சொதப்பியதால் தப்பித்தால், அந்த ஃபீல்டர் பெயரில் எர்ரர். அரங்கத்தின் பெரிய பலகையில் ஒவ்வோர் அணிக்கும் மூன்று எண்கள் எரிந்துகொண்டிருக்கும்: ரன், ஹிட், எர்ரர். கேட்சை விட்டவர் பெயர் கிரிக்கெட் ஸ்கோர் அட்டையில் எங்கும் வராது. பேஸ்பாலில் அது எண்ணாக ஏறி, ஆட்டம் முடியும்வரை எல்லோர் கண்ணிலும் படும்.

எது எர்ரர், எது ஹிட் என்று முடிவு செய்பவர் அம்பயர் அல்ல. பத்திரிகையாளர்கள் உட்காரும் மாடத்தில் அதிகாரபூர்வ ஸ்கோரர் என்று ஒருவர் இருப்பார். அவுட்டா இல்லையா என்ற தீர்ப்பில் அவருக்கு எந்த உரிமையும் இல்லை. 2010 ஜூன் 2 அன்று டெட்ராய்ட்டில் பிட்சர் அர்மாண்டோ கலராகா ஒருவரைக்கூட பேஸுக்கு விடாமல் 26 பேரை வீழ்த்தியிருந்தார். 27ஆவது ஆள் அவுட் ஆனதை அம்பயர் ஜிம் ஜாய்ஸ் தவறாக 'சேஃப்' என்றார். தவறு என்று நாடே பார்த்தது, ஜாய்ஸும் பின்னர் ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஸ்கோரர் அதை ஹிட் என்றுதான் எழுத முடிந்தது. அம்பயர் சொன்னதை ஏற்றுக்கொண்டு, அது எப்படி நடந்தது, யாருடைய கணக்கு என்று எழுதுவது மட்டுமே அவர் வேலை.

அதற்கு அவர் கையில் இருக்கும் அளவுகோல் 'சாதாரண முயற்சி'. அந்த லீகில், அந்த இடத்தில் நிற்கும் நடுத்தரத் திறமையுள்ள ஒரு ஃபீல்டர், அன்றைய மைதான நிலையிலும் வானிலையிலும், இந்தப் பந்தில் அவுட் எடுத்திருப்பாரா? ஆம் என்றால் எர்ரர், இல்லை என்றால் ஹிட். பாய்ந்து விழுந்து எட்டிப் பிடிக்கப் பார்த்து நழுவவிட்டால் அது எர்ரர் ஆகாது. நின்ற இடத்தில் கைக்கு வந்ததை விட்டால் ஆகும். பந்து கையில் பட்டிருக்க வேண்டும் என்றும் இல்லை. கால்களுக்கு நடுவே போனாலும் எர்ரர்தான்.

இப்போது ஐந்தாவது இன்னிங்ஸுக்கு வருவோம்.

முதலில் வந்த கீகே ஹெர்னாண்டஸ் சுத்தமான ஹிட் அடித்து முதல் பேஸுக்குப் போனார். அடுத்து டாமி எட்மன் அடித்த பந்து நேராக நடுக்களத்துக்குப் பறந்தது. அங்கே நின்றவர் ஏரன் ஜட்ஜ், யாங்கீஸின் கேப்டன். பள்ளி அணிப் பையன்கூட விடாத பந்து. அவர் கையுறையில் பட்டுக் கீழே விழுந்தது. ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு, நடுக்களத்துக்கு எட்டு. ஆகவே குறிப்பேட்டில், எர்ரருக்கு 'ஈ' சேர்த்து, 'ஈ-8'. அடுத்து வில் ஸ்மித் தரையோடு அடித்ததை, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் ஆண்டனி வோல்பி எடுத்து, இரண்டாம் பேஸிலிருந்து ஓடும் கீகேவை வீழ்த்த மூன்றாம் பேஸுக்கு எறிந்தார். எறி தரையில் குத்தியது. மூன்றாம் பேஸில் நின்ற ஜாஸ் சிஸமால் பிடிக்க முடியவில்லை. 'ஈ-6', எழுதப்பட்டது எறிந்தவர் பெயரில். ஒருவரும் அவுட் ஆகவில்லை, மூன்று பேஸிலும் ஆள்.

அந்த நிலையிலிருந்து கோல் கேவின் லக்ஸையும் ஷோஹெய் ஓட்டானியையும் அடுத்தடுத்து, பந்தைக் களத்துக்குள் அடிக்கவே விடாமல், ஸ்ட்ரைக்-அவுட் செய்தார். இரண்டு அவுட். அடுத்தவர் மூக்கி பெட்ஸ். அவர் அடித்தது முதல் பேஸ் பக்கம் மெதுவாக உருண்டு போன பந்து. ஆண்டனி ரிஸ்ஸோ அதை எடுத்தார். இப்படிப்பட்ட பந்துக்கு பிட்சர் ஓடிப்போய் முதல் பேஸை மிதித்து நிற்க வேண்டும். ரிஸ்ஸோ அவரிடம் பந்தைத் தட்டிவிடுவார், அடித்தவர் வந்துசேரும் முன்பே அவுட், இன்னிங்ஸ் முடியும். கோல் போகவில்லை. ரிஸ்ஸோவே ஓடிப்போய் மிதித்துவிடுவார் என்று கையைக் காட்டியபடி நின்றுவிட்டார். பெட்ஸ் ஓடி பேஸைத் தொட்டார், கீகே முதல் ரன் எடுத்தார். பிறகு ஃப்ரெடி ஃப்ரீமன் அடித்ததில் இரண்டு ரன், டெயோஸ்கர் ஹெர்னாண்டஸ் அடித்ததில் இரண்டு ரன்.

பெட்ஸ் தப்பித்ததற்கு யார் பெயரில் எர்ரர் எழுதினார்கள்? யார் பெயரிலும் இல்லை. அதை ஹிட் என்று எழுதினார்கள். விதிப் புத்தகம் இந்தக் காட்சியையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது: பிட்சர் முதல் பேஸுக்குப் போகத் தவறி அதனால் அடித்தவர் தப்பித்தால் எர்ரர் கிடையாது. தவறான பேஸுக்கு எறிந்தாலும் கிடையாது. யோசனைப் பிழை என்று ஒன்றை விதிகள் தனியே பிரித்து, அதை எர்ரர் பத்தியில் சேர்க்காமல் விட்டிருக்கின்றன. அந்த யோசனைப் பிழை கைப்பிழையாக வெளிப்பட்டால் மட்டும் கதை வேறு. மூன்று அவுட் ஆகிவிட்டது என்று நினைத்துப் பந்தைப் பார்வையாளர்களிடம் தூக்கிப் போட்டால், அதனால் ஓடுபவர் முன்னேறினால், எர்ரர் உண்டு.

கோல் கணக்கில் பூஜ்யம் எப்படி வந்தது என்பது இனிமேல்தான். பேஸ்பால் கணக்கியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான். எர்ன்டு ரன் என்றால் பிட்சரே பொறுப்பேற்க வேண்டிய ரன். அதைக் கண்டுபிடிக்க ஸ்கோரர் அந்த இன்னிங்ஸை மனத்துக்குள் இன்னொரு முறை ஆடிப் பார்க்கிறார், இம்முறை எர்ரர்கள் நடக்காததாக வைத்துக்கொண்டு. கீகே ஹிட். எட்மன் பந்தை ஜட்ஜ் பிடித்துவிட்டார், ஒரு அவுட். ஸ்மித் பந்தில் ஓர் ஆள் வீழ்ந்தார், இரண்டு. லக்ஸ் ஸ்ட்ரைக்-அவுட், மூன்று. இன்னிங்ஸ் முடிந்தது. இந்தக் கற்பனை இன்னிங்ஸில் ஓட்டானி மட்டையடிக்கவே வரவில்லை. பெட்ஸும் ஃப்ரீமனும் டெயோஸ்கரும் வரவில்லை. ஆகவே அதற்குப் பிறகு வந்த எதுவும் பிட்சர் பொறுப்பில்லை. அந்த இடத்தில் யாராவது மைதானத்துக்கு வெளியே அடித்திருந்தாலும் இதே தீர்ப்புதான். ஓடுபவர் எந்த பேஸ் வரை போயிருப்பார் என்று கற்பனையில் ஐயம் எழுந்தால், சந்தேகத்தின் பலன் பிட்சருக்கு.

இதன் பலன் எண்ணில் பெரிது. ஒரு பிட்சரின் தரத்தைச் சொல்ல அவர் கொடுத்த எர்ன்டு ரன்களை ஒன்பதால் பெருக்கி, வீசிய இன்னிங்ஸ்களால் வகுப்பார்கள். அதுதான் ஈ.ஆர்.ஏ. கோல் அன்று வீசியது ஆறு இன்னிங்ஸும் இன்னொன்றில் மூன்றில் இரண்டு பங்கும். ஐந்து ரன்னும் அவர் தலையில் விழுந்திருந்தால் அன்றைய ஈ.ஆர்.ஏ. 6.75. விதிப்படி எழுதியதால் 0.00.

ஜட்ஜும் வோல்பியும் செய்ததற்குக் கோலைத் தண்டிக்காமல் விட்டது நியாயம். ஆனால் பெட்ஸ் அடித்த பந்தில் அவர் முதல் பேஸுக்கு ஓடியிருந்தால் ஒரு ரன்கூட வந்திருக்காது. ஐந்து ரன்னுக்கும் கடைசிப் பூட்டாக இருந்தது அவருடைய அந்தச் சில அடி ஓட்டம். கணக்கு அதை முழுக்க மன்னித்துவிடுகிறது. இதைவிட எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. பிட்சர் தானே ஃபீல்டராகப் பந்தை நழுவவிட்டாலும், தானே தாறுமாறாக எறிந்தாலும், அதனால் வரும் ரன்களும் அவர் பொறுப்பில் சேராது. வீசி முடித்த நொடியில் அவர் மற்ற எட்டுப் பேரைப் போல ஒரு ஃபீல்டர்தான் என்பது விதியின் வாதம். வாதம் புரிகிறது, ஆனாலும் ஒரே மனிதரை இரண்டாகப் பிரித்து, ஒருவர் செய்த தவறால் இன்னொருவருக்கு விடுதலை தருவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஓட்டானி அவுட் ஆனதும் கோலை எடுத்துவிட்டு வேறொரு பிட்சரை இறக்கியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து அதே அடிகள், அதே ஐந்து ரன். பேஸில் ஏற்கெனவே நின்ற கீகே, எட்மன், ஸ்மித் மூவரும் கோல் விட்டுச்சென்றவர்கள். அவர்கள் எடுக்கும் ரன் கோல் பெயரில், எர்ன்டு இல்லாத ரன்னாக. பெட்ஸும் ஃப்ரீமனும் புதியவர் பந்தில் பேஸை அடைந்தவர்கள். அவர் வருவதற்கு முன் நழுவிய அவுட்களைக் காட்டி அவர் தப்பிக்க முடியாது. அவருக்கு அந்த இரண்டும் எர்ன்டு ரன். ஆனால் அணியின் மொத்தக் கணக்கில் ஐந்தும் எர்ன்டு இல்லை. தனியாட்களின் கூட்டுத்தொகையும் அணியின் தொகையும் ஒத்துப்போகாது. பிழை போலத் தோன்றும், பிழையல்ல. நெருக்கடியில் உள்ளே வருபவர் முன்னே இருந்தவரின் துரதிர்ஷ்டத்தைக் கேடயமாக்கிக்கொள்ளக் கூடாது என்று யோசித்தே வகுத்த விதி. இவ்வளவு நுணுக்கமான நீதி உணர்வை ஒரு விளையாட்டின் கணக்கேட்டில் பார்க்கும்போது எனக்கு மரியாதை வருகிறது.

இந்தக் கணக்கு மரபு கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவுதான். ஹென்றி சாட்விக் 1824இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் பிறந்தவர். சிறுவயதில் அமெரிக்கா போய், நியூயார்க் பத்திரிகைகளில் முதலில் கிரிக்கெட் எழுதினார், பிறகு பேஸ்பால். கிரிக்கெட் ஸ்கோர் அட்டையைப் பார்த்தே பேஸ்பாலுக்கான பாக்ஸ் ஸ்கோரை அவர் வளர்த்தெடுத்தார். அந்தக் காலத்தில் ஃபீல்டர்கள் வெறுங்கையால் பந்து பிடித்தார்கள். ஆட்டத்தை நிர்ணயித்ததில் தவறுகளுக்குப் பெரிய பங்கு. அவற்றைப் பதியாமல் விட்டால் ஆட்டத்தின் கதை பாதிதான். ஈ.ஆர்.ஏ. அதிகாரபூர்வக் கணக்கானது பின்னால், நேஷனல் லீகில் 1912இல், அமெரிக்கன் லீகில் 1913இல்.

கிரிக்கெட்டில் கீப்பர் விட்ட பந்தில் ஓடினால் பை; பந்துவீச்சாளர் கணக்கில் சேராது, உதிரி ரன்களில் போய்விடும். வைடு என்றால் பந்துவீச்சாளர் தலையில். பேஸ்பாலிலும் இதே பிரிவினை இருக்கிறது. பிட்சர் எட்டாத இடத்தில் வீசி கேட்சரைத் தாண்டினால் வைல்டு பிட்ச். பிடித்திருக்க வேண்டியதை கேட்சர் விட்டால் பாஸ்டு பால். இரண்டுமே எர்ரர் பத்தியில் ஏறாது. ஆனால் வைல்டு பிட்ச்சால் வந்த ரன் பிட்சர் பொறுப்பு, பாஸ்டு பாலால் வந்தது இல்லை. ஒரு வித்தியாசம்தான் பெரியது: கிரிக்கெட்டின் உதிரி ரன்களுக்குக் கீப்பர் பெயர் கிடையாது, பாஸ்டு பால் கேட்சரின் பெயரோடு எழுதப்படும்.

ஏனென்றால் பேஸ்பால் ஸ்கோரருக்கு மேல் ஒரு கட்டளை நிற்கிறது: ஓடுபவர் முன்னேறிய ஒவ்வொரு பேஸுக்கும் கணக்குச் சொல்லியாக வேண்டும். இதன் கடுமை ஒரு விதியில் நன்றாகத் தெரியும். தூரத்து ஃபீல்டர் ஒருவர் இரண்டாம் பேஸுக்குக் குறி தவறாமல் எறிகிறார். பந்து பேஸின் மீதே பட்டுத் துள்ளிக் களத்துக்குள் ஓடிவிடுகிறது, ஓடுபவர் முன்னேறுகிறார். எறிந்தவர் பெயரில் எர்ரர். சரியாக எறிந்தவருக்கு இது அநீதியாகத் தோன்றினாலும் அப்படியே எழுது என்கிறது விதிப் புத்தகம். ஆகவே எர்ரர் என்பதைக் குற்றப்பத்திரிகையாகப் படிப்பது தவறு. சில நேரம் அது முன்னேறிய பேஸுக்கு ஒரு பெயர் போட்டாக வேண்டிய கட்டாயம் மட்டுமே.

மறுபக்கம், பதிவே ஆகாத தவறுகள் எத்தனையோ. ஒரே அடியில் இரண்டு பேரை வீழ்த்தும் டபுள் பிளேயில் முதல் ஆள் வீழ்ந்து, இரண்டாவதற்கான எறி கோணலாகி ஓடுபவர் அந்த பேஸோடு நின்றால் எர்ரர் இல்லை. இரட்டை அவுட்டை யாருக்கும் உரிமையாக எண்ணிக்கொள்ள விதி இடம் தராது. இரண்டு ஃபீல்டர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து நிற்க, நடுவில் பந்து விழுந்தால் பெரும்பாலும் ஹிட். மெதுவாக நகர்பவர் பந்தின் அருகேகூடப் போகமாட்டார், அவர் பெயர் சுத்தமாக இருக்கும். விரைவாக ஓடி எட்டியவர் கையில் பட்டு நழுவினால் ஸ்கோரர் யோசிக்கத் தொடங்குவார். எர்ரர் குறைவாக இருப்பதால் ஒருவரை நல்ல ஃபீல்டர் என்று சொல்லிவிட முடியாது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. 2015 முதல் எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் ஸ்டேட்காஸ்ட் என்ற கண்காணிப்பு அமைப்பு, ஃபீல்டர் எவ்வளவு தூரம் ஓடினார், பந்து எவ்வளவு நேரம் காற்றில் இருந்தது என்று அளக்கிறது. அணிகள் இன்று ஃபீல்டரை எடைபோடுவது அதைப் போன்ற அளவுகளை வைத்துத்தான்.

ஸ்கோரரின் ஒரு சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதற்கு 1941 சாட்சி. யாங்கீஸின் ஜோ டிமாஜியோ தொடர்ந்து 56 ஆட்டங்களில் ஹிட் அடித்த சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை. அதில் 30ஆவது ஆட்டத்தில் அவர் அடித்த பந்து ஒன்று தாறுமாறாகத் துள்ளி, ஷார்ட்ஸ்டாப் லூக் ஆப்ளிங்கின் தோளில் பட்டது. ஹிட் என்றார் ஸ்கோரர் டேன் டேனியல். எர்ரர் என்றிருந்தால் தொடர் 29இலேயே நின்றிருக்கும். டேனியல் நியூயார்க் பத்திரிகையாளர். அந்தக் காலத்தில் செய்தி எழுதுபவர்களே ஸ்கோரராகவும் இருந்தார்கள். நாளைக்குப் பேட்டி எடுக்க வேண்டிய வீரர் மீது இன்றைக்குத் தீர்ப்பு எழுதுவது சரியல்ல என்று பத்திரிகைகளே பின்னாளில் தங்கள் ஆட்களைத் தடுத்தன. இப்போது லீக் நியமிக்கும் தனி ஆட்கள் செய்கிறார்கள். அவர்கள் முடிவை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம்.

1986 அக்டோபர் 25 பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. நியூயார்க் ஷே ஸ்டேடியம், உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ். பாஸ்டன் ரெட் சாக்ஸ் 5-3 முன்னிலை; இன்னும் ஓர் அவுட் எடுத்தால் கோப்பை. மெட்ஸ் அணியின் முதல் இருவரையும் பிட்சர் கால்வின் ஷிரால்டி வீழ்த்தியிருந்தார். பிறகு கேரி கார்ட்டர், கெவின் மிட்செல், ரே நைட் மூவரும் ஷிரால்டி பந்தில் வரிசையாக ஹிட் அடித்தார்கள், கார்ட்டர் ரன் எடுத்தார். பாப் ஸ்டான்லி உள்ளே வந்தார். மூக்கி வில்சனுக்கு அவர் வீசிய ஒன்று வைல்டு பிட்ச் ஆகி மிட்செல் ஓடிவந்தார், 5-5. அதே வில்சன் பிறகு தரையோடு அடித்த பந்து முதல் பேஸில் நின்ற பில் பக்னரின் கால்களுக்கு நடுவே போனது. நைட் ரன் எடுத்தார், மெட்ஸ் வென்றது.

பக்னரின் பெயரை அமெரிக்கா பல ஆண்டுகள் வசவாகச் சொன்னது. கணக்கேடு என்ன சொல்கிறது? மூன்று ரன்னும் ஷிரால்டி பெயரில். மூவரையும் பேஸில் ஏற்றிவிட்டவர் அவர். கார்ட்டரும் மிட்செலும் எடுத்தவை எர்ன்டு, நைட் எடுத்தது மட்டும் பக்னரின் 'ஈ-3' காரணமாக எர்ன்டு இல்லை. சமன் செய்த பந்தை வீசிய ஸ்டான்லி பெயரில் ஒரு வைல்டு பிட்ச் இருக்கிறது, ரன் ஒன்றும் இல்லை. பக்னர் தவறு செய்வதற்கு முன்பே முன்னிலை போயிருந்தது என்பதை ஏடு பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தது. கோபத்தில் இருந்தவர்கள் படிக்கவில்லை. கால்வலியோடு ஆடிய பக்னருக்குப் பதிலாக, அந்தத் தொடரில் முன்பு செய்ததைப் போல டேவ் ஸ்டேபிள்டனை இறக்காமல் விட்ட மேலாளர் ஜான் மெக்னமாராவுக்கு ஏட்டில் பத்தியே இல்லை. பக்னருக்கு நடந்தது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அந்த இன்னிங்ஸை வைத்தே ஸ்கோரர் கடைசியில் போடும் சரிபார்ப்பையும் பார்த்துவிடலாம். மட்டையடிக்க வந்தவர்களின் எண்ணிக்கை, எடுத்த ரன், அவுட் ஆனவர்கள், பேஸில் நின்றுபோனவர்கள் ஆகிய மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாக வர வேண்டும். வந்தவர்கள் ஆறு பேர். ரன் மூன்று, அவுட் இரண்டு, பேஸில் மிச்சம் வில்சன் ஒருவர். மூன்றும் இரண்டும் ஒன்றும் ஆறு.

2020இல் ஒரு புது விதி வந்தது. ஒன்பது இன்னிங்ஸில் முடியாத வழக்கமான லீக் ஆட்டங்களில், அதன்பின் ஒவ்வோர் இன்னிங்ஸையும் இரண்டாம் பேஸில் ஒருவரைச் சும்மா நிறுத்தித் தொடங்குகிறார்கள். 2023இல் அதை நிரந்தரமாக்கினார்கள். அவர் அடித்து வந்தவர் அல்ல, பிட்சர் விட்டு வந்தவரும் அல்ல. அவர் ரன் எடுத்தால் அதற்குப் பிட்சரைப் பொறுப்பாக்க முடியாது என்பதால், எர்ரரால் பேஸை அடைந்தவராக அவரைக் கருதச் சொல்கிறது விதி. ஆனால் எந்த ஃபீல்டர் பெயரிலும் எர்ரர் எழுதுவதில்லை. மட்டையடித்து வந்தவர்களின் எண்ணிக்கையில் அவர் இல்லை. ரன்னிலோ மிச்சத்திலோ அவுட்டிலோ மட்டும் இருப்பார். ஒவ்வொரு பேஸுக்கும் ஒரு பெயர் கேட்ட அந்த ஏட்டில், இரண்டு பேஸ்கள் இப்போது யார் பெயரும் இல்லாமல் எழுதப்படுகின்றன. ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்க அது உதவலாம். இந்தக் கணக்கை நேசிக்கும் எனக்கு அதை இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.